சைக்கிள் பூட்டில் ‘திருடுபோனால் பணம்’ என்று போட்டிருக்கிறதா? தென்னாப்பிரிக்காவில் வாங்குபவர்கள் கவனத்துக்கு

டர்பனிலோ ஜோகன்னஸ்பர்க்கிலோ வெளிநாட்டு சைக்கிள் பூட்டு வாங்கும் யோசனையில் இருந்தால், காசை எண்ணிக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ‘பூட்டை உடைத்து சைக்கிளைத் திருடினால் இத்தனை டாலர் வரை தருவோம்’ என்று பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும். அந்த உத்தரவாதம் பெரும்பாலும் நாடு பார்த்துத்தான் தரப்படுகிறது. நாம் இருக்கும் நாடு அந்தப் பட்டியலில் இல்லையென்றால் அது வெறும் அட்டைப் பெட்டி. நான் வாங்கிய பூட்டின் பட்டியலில் தென்னாப்பிரிக்கா இல்லை. விற்ற கடைக்காரருக்கு அது முன்பே தெரியும் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

கடையின் பெயரையும் பூட்டுக் கம்பெனியின் பெயரையும் இங்கே போடவில்லை. விவகாரம் இன்னும் முடியவில்லை.

வாங்கியது யூ வடிவப் பூட்டு. அதே அலமாரியில் அதே தடிமனில் இன்னொன்று பாதி விலைக்கு இருந்தது. நான் அதைக் கையில் எடுத்ததும் விற்பனைக்கு நின்ற பையன், “அதை விடுங்க அங்கிள், இதை அறுத்தா கம்பெனியே உங்களுக்குப் புது சைக்கிளுக்குக் காசு கொடுக்கும்” என்று பெட்டியைத் திருப்பி அந்த மஞ்சள் பட்டையைக் காட்டினான். “இங்கேயும் செல்லுமா?” என்று கேட்டேன். “உலகம் பூரா செல்லும் அங்கிள், ஆன்லைன்ல ரெஜிஸ்டர் மட்டும் பண்ணிடுங்க” என்றான். இரண்டு பூட்டுக்கும் இடையில் இருந்த விலை வித்தியாசம் முழுக்க அந்த மஞ்சள் பட்டைக்குத்தான்.

வீட்டுக்கு வந்த அன்றே பதிவு செய்தோம். நாடுகளின் வரிசையில் தென்னாப்பிரிக்கா இருந்தது. சாவி எண், வாங்கிய தேதி எல்லாம் கேட்டார்கள். ‘உங்கள் பூட்டு பதிவாகிவிட்டது, நன்றி’ என்று மின்னஞ்சலும் வந்தது. இந்த மின்னஞ்சலை நினைவில் வையுங்கள், திரும்ப வருகிறேன்.

திருட்டு நடந்தது ஒரு சனிக்கிழமை, பட்டப்பகலில், ஷாப்பிங் சென்டரின் சைக்கிள் ஸ்டாண்டில். கார் பார்க்கிங்கில் வண்டிகளுக்குக் காவல் நிற்கும் ‘கார் கார்டு’ ஒரு காங்கோக்காரர், நல்ல மனுஷன். “பாஸ், ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் போட்டு பக்கியிலே வந்தாங்க, கட்டட வேலை ஆளுங்கன்னு நினைச்சேன்” என்றார். (பக்கி என்பது இங்கே பிக்கப் வண்டி.) வந்தவர்கள் கையில் பேட்டரியில் ஓடும் ஆங்கிள் கிரைண்டர், இரும்பை அறுக்கும் கருவி. பூட்டின் இரும்பு வளைவை இரண்டு இடத்தில் அறுத்திருந்தார்கள். இந்த ரகப் பூட்டில் வளைவின் இரு கால்களும் தனித்தனியாகப் பூட்டிக்கொள்ளும், ஒரு வெட்டு போட்டால் திருப்பி எடுக்க முடியாது, அதனால் இரண்டு. வெட்டு வாய் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. ஓரத்தில் சூட்டில் ஏறிய ஊதா நிறம். கீழே சிமென்ட் தரையில் கருப்பாக இரும்புத்தூள், அதைத் தொட்டால் விரலில் மையாக ஒட்டியது. துண்டுகளைப் பொறுக்கி ஒரு பையில் போட்டுக்கொண்டேன். அதை நீங்களும் செய்யுங்கள். எந்தக் கம்பெனியும் உடைந்த பூட்டைத்தான் முதலில் கேட்கும்.

போலீஸ் ஸ்டேஷனில் வரிசையைத் தவிர வேறு குறை சொல்ல ஒன்றுமில்லை. அஃபிடவிட் எழுதிக் கொடுத்தோம், கேஸ் நம்பர் எஸ்எம்எஸ்ஸில் வந்தது. சைக்கிளின் பிரேம் நம்பரைக் கேட்டார்கள். அது பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும், இன்றே கவிழ்த்துப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கம்பெனிக்கு எழுதினேன். பில், கேஸ் நம்பர், அறுந்த பூட்டின் படம், இரண்டு சாவியின் படம், எல்லாம் இணைத்து. வந்த பதில் மரியாதையாகத்தான் இருந்தது. சாரம் இதுதான்: நீங்கள் செய்த பதிவு சாவி தொலைந்தால் மாற்றுச் சாவி தருவதற்கானது, அதை எந்த நாட்டிலிருந்தும் செய்யலாம். திருட்டு உத்தரவாதத்துக்கு வேறு பதிவு, அது குறிப்பிட்ட நாடுகளில் வசிப்பவர்களுக்கு மட்டும். கூடவே இன்னொரு வரி: மின்கருவியால் அறுத்திருந்தால் பட்டியலில் உள்ள நாட்டிலும் பணம் கிடையாது. பேட்டரி கிரைண்டர் இல்லாமல் இந்தக் காலத்தில் எந்தத் திருடன் நல்ல பூட்டை உடைக்கிறான்?

நாடு பார்த்துக் கொடுப்பது இவர்கள் மட்டும் செய்வதல்ல. ‘சைக்கிள் போனால் பணம் தருகிறேன்’ என்பது கிட்டத்தட்ட இன்ஷூரன்ஸ் வாக்குறுதி. இன்ஷூரன்ஸ் வியாபாரத்துக்குப் பெரும்பாலும் நாட்டுக்கு நாடு தனி உரிமம் வேண்டும். இங்கே அது 2017-ஆம் ஆண்டின் 18-ஆம் எண் இன்ஷூரன்ஸ் சட்டத்தின் கீழ் வருகிறது. திருட்டு அதிகமுள்ள ஊரென்றாலும் கம்பெனிகள் கையை இழுத்துக்கொள்ளும். அமெரிக்காவின் பூட்டுக் கம்பெனி கிரிப்டோனைட் (என் பூட்டு அவர்களுடையது அல்ல) ஒரு காலத்தில் சொந்த நாட்டிலேயே நியூயார்க் நகரத்தைத் தன் உத்தரவாதத்திலிருந்து ஒதுக்கி வைத்திருந்தது. ஆகவே நிபந்தனை இருப்பதில் எனக்குக் கோபமில்லை. பொருந்தாத வாக்குறுதியைக் காட்டி இங்கே விலை ஏற்றி விற்றதில்தான் கோபம்.

பூட்டின் தரம் வேறு விஷயம், அதையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனின் ‘சோல்ட் செக்யூர்’ தரும் வெண்கலம், வெள்ளி, தங்கம், வைர முத்திரையும் நெதர்லாந்தின் ‘ஆர்ட்’ தரும் நட்சத்திரங்களும் பூட்டைச் சோதித்துப் பார்த்துக் கொடுப்பவை. லண்டனில் தங்கம் என்றால் டர்பன் பக்கத்து அம்லாங்காவிலும் அது தங்கம்தான், இரும்பு மாறாது. அவற்றைப் பார்த்து வாங்குங்கள். பண உத்தரவாதத்தை விலையில் சேர்க்காதீர்கள்.

கம்பெனியின் பதிலில் இன்னொன்றும் இருந்தது. என் பூட்டின் எண்ணை வைத்துப் பார்த்து, அது ஐரோப்பியச் சந்தைக்கு அனுப்பிய சரக்கு, தென்னாப்பிரிக்காவில் எங்கள் விநியோகஸ்தர் வழியாக வந்ததில்லை என்று எழுதியிருந்தார்கள். அதாவது கிரே இம்போர்ட். அப்படிக் கொண்டுவந்து விற்பது குற்றமில்லை. ஆனால் பிராண்டின் உரிமையாளர் அனுமதியில்லாமல் இறக்குமதியான சரக்கு என்ற அறிவிப்பைக் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும் என்று நம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் சட்டம்) பிரிவு 25(2)-இல் சொல்கிறது. என் பெட்டியில் விலைச் சீட்டைத் தவிர ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலாளி, நம்ம ஆள்தான், பாட்டன் காலத்தில் கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். “அது கம்பெனி கொடுக்கிற வாக்கு, எங்க வாக்கு இல்லையே அண்ணா” என்றார். சரி, உங்கள் பையன் உலகம் பூரா செல்லும் என்றானே என்று கேட்டதற்கு, சிரித்துக்கொண்டே, “எல்லாரும் வந்து கேக்கிறாங்க, இதுவரைக்கும் யாருக்கும் வந்ததில்லை” என்றார். இந்த வார்த்தையைப் பிறகு புகாரில் அப்படியே எழுதினேன். வாங்குபவர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று தெரிந்தால் அதைத் திருத்தாமல் விடக்கூடாது என்று அதே சட்டத்தின் பிரிவு 41 சொல்கிறது. யாருக்கும் கிடைத்ததில்லை என்று தெரிந்தவருக்கு, எனக்கும் கிடைக்காது என்று தெரியாதா?

ஆறு மாதத்துக்குள் பழுதான பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம் என்ற விதியைச் சிலர் சொன்னார்கள். அது இதற்கு உதவாது, பூட்டில் பழுதில்லை. வாக்குறுதியில்தான் பழுது.

கடைக்கு எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு, பதில் வராததால் நுகர்பொருள் மற்றும் சேவைகளுக்கான ஆம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போனேன். கட்டணம் இல்லை. ஆனால் அவர்கள் சமரசம் பேசிப் பரிந்துரைதான் செய்ய முடியும், கோர்ட் மாதிரி உத்தரவு போட முடியாது. அங்கிருந்து கடிதம் போனதும் கடைக்காரர் பூட்டின் விலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சைக்கிளுக்கு ஒரு சென்ட் கூட இல்லை. அறிவிப்பு ஒட்டாமல் விற்றது பற்றிய புகார் நிலுவையில் இருக்கிறது.

சைக்கிளுக்கு உண்மையில் பாதுகாப்பு வேண்டுமென்றால் வழி உங்கள் வீட்டு இன்ஷூரன்ஸ்தான், பூட்டுப் பெட்டி அல்ல. வீட்டுப் பொருள் பாலிசி மட்டும் இருந்தால், வெளியில் பூட்டி வைத்த சைக்கிள் பொதுவாக அதில் வராது. வீட்டுக்கு வெளியே கொண்டுபோகும் பொருட்களுக்கான ‘ஆல் ரிஸ்க்’ பகுதியில் சைக்கிளின் பெயர், பிரேம் நம்பர், மதிப்பு போட்டுத் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். ஏஜென்ட் போனில் “எல்லாம் கவர் ஆகும் சார்” என்றால் நம்ப வேண்டாம், பாலிசி அட்டவணையில் அந்த வரி அச்சாகி வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பூட்டுதான் வாங்குகிறீர்கள் என்றால், ‘இந்தத் திருட்டு உத்தரவாதம் தென்னாப்பிரிக்காவில் வசிப்பவருக்குச் செல்லும்’ என்று பில்லில் கையெழுத்தோடு எழுதித் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். நான் வேறு இரண்டு கடைகளில் கேட்டேன், ஒருவரும் பேனாவை எடுக்கவில்லை. ஒருவர் மட்டும் விலை குறைந்த பூட்டை எடுத்து முன்னால் வைத்தார்.

டர்பன் வடக்குப் பக்கம் மஞ்சள் பட்டை போட்ட யூ பூட்டு வாங்கியவர்கள் யாராவது இருந்தால் பில்லையும் பெட்டியையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பெட்டியின் படத்தை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், நிலுவையில் உள்ள புகாரோடு சேர்த்துவிடுகிறேன்.