விஷன் போர்டுக்கு எந்த ஏஐ படக் கருவி? புதுச்சேரியிலிருந்து ஒரு மதிப்பீடு

வாழ்வில் அடைய விரும்புபவற்றைப் படங்களாக ஒட்டிவைத்து நாள்தோறும் பார்க்கும் பலகைதான் விஷன் போர்டு. அங்கே ஒட்டும் படம் அழகாக இருந்தால் மட்டும் போதாது. அதில் தெரியும் வீடும் தெருவும் முகமும் நம்முடையவையாக இருக்க வேண்டும். படம் வரைந்து தரும் ஏஐ கருவிகளை நான் இந்த ஓர் அளவுகோலை வைத்தே மதிப்பிட்டேன். வைசியாள் வீதியில் இருப்பவற்றைப் போன்ற திண்ணை வீடு, அதன் முன்கட்டில் ஒரு தையல் பயிற்சிக்கூடம், அதிகாலையில் கடற்கரைச் சாலையில் நடை ஆகிய மூன்றும்தான் என் பலகைக்கு வேண்டியிருந்தன.

புதுச்சேரி வீடு என்று மட்டும் கேட்டால், பெரும்பாலும் மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியுமாகப் பிரெஞ்சுப் பகுதியே வந்து நிற்கிறது. இணையத்தில் குறிப்புகளோடு குவிந்துள்ள படங்களிலிருந்தே இக்கருவிகள் கற்பதால், சுற்றுலாப் பயணிகள் அதிகம் படமெடுத்த தெருக்களே அவற்றுக்குப் புதுச்சேரியாகின்றன. தமிழர் பகுதியின் வீடு வேண்டுமென்றால், தெருவோரத் தாழ்வாரம், அதைத் தாங்கும் மரத்தூண்கள், வாசலின் இருபுறமும் திண்ணை, உள்ளே திறந்த முற்றம், தமிழ்ப் பாணியிலான கீழ்த்தளத்தின் மேல் பிரெஞ்சுப் பாணியில் எழுந்த மாடி என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். இன்னும் நல்ல வழி, நாமே எடுத்த புகைப்படத்தைக் கொடுத்து அதில் மாற்றம் கேட்பது. குறிப்பாகக் காந்தி சிலையும் அதைச் சூழ்ந்த கருங்கல் தூண்களும் போல ஊரார் அனைவருக்கும் தெரிந்த இடங்களை ஏஐயின் கற்பனைக்கு விடவே கூடாது.

இந்த வேலைக்குச் சாட்ஜிபிடி, ஜெமினி ஆகிய இரண்டையும் முதலில் பரிந்துரைப்பேன். சாட்ஜிபிடியில் 2025 மார்ச்சிலும், நானோ பனானா என்ற பெயரில் ஜெமினியில் 2025 ஆகஸ்டிலும் வந்த படவசதிகள், புகைப்படத்தை ஏற்று, உரையாடல் வழியே சிறிது சிறிதாகத் திருத்தித் தருகின்றன. தமிழிலேயே சொல்லலாம், ஓர் அளவு வரை கட்டணமும் இல்லை. ஒளியிலும் வண்ணச் சேர்க்கையிலும் மிட்ஜர்னி என்ற கருவி மிகவும் உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதன் தொடக்கச் சந்தா மாதம் 10 டாலர். உருவாக்கும் படங்கள் பிறர் பார்வைக்குத் தெரிவதே அதன் இயல்பான அமைப்பு, மறைத்து வைக்கும் வசதி உயர்ந்த சந்தாக்களுக்கு மட்டுமே உண்டு. விஷன் போர்டு என்பது வீட்டாரிடம்கூட முழுதாகச் சொல்லாத ஆசைகளின் இடம் என்பதால், இந்த ஒன்றுக்காகவே அதைத் தவிர்த்தேன். பிள்ளைகளின் முகம் இணையத்தில் ஏறக்கூடாது என்று கருதுவோர், கிராஃபிக்ஸ் கார்டு உள்ள சொந்தக் கணினியில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படக் கருவியை நிறுவிக்கொள்ளலாம். பழகச் சற்றுப் பொறுமை வேண்டும். ஏஐயைப் பயிற்றுவிக்க ஓவியர்களின் உழைப்பு அனுமதியின்றி எடுக்கப்படுவது உறுத்தினால் அடோபி நிறுவனத்தின் ஃபயர்ஃப்ளை கருவியைப் பார்க்கலாம்; உரிமம் பெற்ற படங்களையும் காப்புரிமை முடிந்தவற்றையும் கொண்டு பயிற்றுவித்ததாக அந்நிறுவனம் கூறுகிறது.

தமிழ் எழுத்துகளைப் படத்துக்குள்ளேயே எழுதச் சொல்ல வேண்டாம். கொம்பும் புள்ளியும் இடம் மாறி வருவதுண்டு. பயிற்சிக்கூடத்தின் பெயர்ப்பலகையை வெறுமையாக விடச் சொல்லி, பிறகு கேன்வா என்ற வடிவமைப்புச் செயலியில் தமிழ் எழுத்துருவில் பெயரைச் சேர்ப்பதே நிறைவாக அமைகிறது.

அச்சிடும்போது அளவைக் கணக்கிட வேண்டும். 1024 பிக்சல் அகலமுள்ள படம், அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற தரத்தில் ஏறத்தாழ மூன்றரை அங்குலத்துக்குத்தான் தெளிவாக வரும். ஒரே படத்தைப் பெரிதாக்குவதைவிட ஏ3 தாளில் பல சிறிய படங்களை அடுக்குவது மேல். ஸ்டுடியோவில் பளபளப்பில்லாத மேட் காகிதம் கேளுங்கள். சன்னலுக்கு எதிரே மாட்டினால் பளபளப்புக் காகிதத்தில் வெளிச்சம்தான் தெரியும், படம் தெரியாது.