நினைவிலிருந்து ஆளைத் தீட்டுதல்: இரண்டரை வருட அனுபவம்

ஒருவரை நன்றாகப் பார்த்துவிட்டு வந்து, ஆளும் இல்லாமல் போட்டோவும் இல்லாமல் நீர்வண்ணத்தில் தீட்டுவதுதான் பயிற்சி. இரண்டரை வருடமாகச் செய்கிறேன். வாரம் ஒரு தாள், பள்ளியில் பரீட்சை நடக்கும் மாதங்களில் அதுவும் கிடையாது. இதுவரை 90க்கு மேல் ஆகிவிட்டது. தொடங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

இது புதிய முறை இல்லை. பாரிஸில் ஓராஸ் லெகோக் த புவபோத்ரான் என்ற ஓவிய ஆசிரியர் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே மாணவர்களுக்கு இதைப் படிப்படியாகக் கற்றுக்கொடுத்தார். 1848இல் இதைப் பற்றி நூலும் வெளியிட்டார். எளிய கோடுகளில் தொடங்கி முழு உருவம்வரை நினைவில் வாங்கப் பழக்குவார். வெட்டவெளியில் ஆட்களை நடமாட விட்டு, மாணவர்களைப் பார்க்க மட்டும் சொல்லி, பிறகு வரையச் சொல்வார். சிற்பி ரோடான் அவரிடம் படித்தவர். லெக்ரோ என்ற இன்னொரு மாணவர், லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும், ஹோல்பைன் என்ற ஓவியர் தீட்டிய எராஸ்மஸ் என்ற அறிஞரின் படத்தை நினைவிலிருந்தே வரைந்து காட்டினார். இதைப் படித்த பிறகுதான் எனக்கும் ஆசை வந்தது.

முழுத்தாளை (22×30 அங்குலம்) எட்டாக வெட்டிக்கொள்வேன். பர்ன்ட் சியென்னா (செம்பழுப்பு), யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), அல்ட்ராமரின் நீலம் என மூன்று வண்ணங்கள், இரண்டு பிரஷ். இதற்குமேல் தேவைப்பட்டதில்லை. ஒன்றை மட்டும் தவிருங்கள்: "தோல் நிறம்" என்று போட்டு விற்கும் டியூப். அந்த வெளிர் ரோஜா நிறத்தில் எங்கள் தெருவில் ஒருவர்கூட இல்லை. சியென்னாவில் துளி நீலம் சேர்த்தாலே நம் ஊர் முகம் வந்துவிடும்.

நான் அதிகம் தீட்டியது எங்கள் தெருமுனையில், வேப்பமரத்தடியில் வண்டி போட்டிருக்கும் இஸ்திரி அக்காவை. மொத்தம் 14 படங்கள். ஒன்பது வருடமாக அவரிடம்தான் சேலை கொடுக்கிறேன், கண்ணை மூடினால் முகம் தெரியும் என்று நம்பியிருந்தேன். முதல் நாள் தாளின் முன்னால் உட்கார்ந்தபோது ஒன்றுமே வரவில்லை. ஒரு முகம் வந்தது, ஆனால் அது யாருடைய முகமாகவும் இருக்கலாம். கண்களை நெற்றிக்குப் பக்கத்தில் ஏற்றி வைத்திருந்தேன். உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் சரிபாதியில்தான் கண் இருக்கிறது. ஆனால் முகம் என்றதும் கண், மூக்கு, வாயைத்தான் மனம் பெரிதாக எடுத்துக்கொள்கிறது, நெற்றிக்கும் தலைமுடிக்கும் இடம் கொடுப்பதில்லை. மூக்குத்தியை இடது பக்கம் வைத்திருந்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் வலது பக்கம் இருக்கிறது. காதை நான் பார்த்ததே இல்லை போல. தாளில் காது இருந்த இடத்தில் முடியைப் போட்டு மூடியிருந்தேன்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். படத்தைத் திருத்துவதில்லை. மறுபடி போய்ப் பார்ப்பேன், தவறிய இடங்களைத் தாளின் பின்புறம் எழுதுவேன், அப்புறம் புதுத் தாளில் முதலிலிருந்து. பார்க்கும்போது மனதுக்குள் வார்த்தைகளாகச் சொல்லிக்கொள்வது ரொம்ப உதவியது: "காது மூக்கு நுனிக்கு நேரே முடியுது, கழுத்து முன்னால சாயுது, இடது தோள் கீழே." சொல்லாமல் வெறுமனே பார்த்தது வீட்டுக்கு வருவதற்குள் கரைந்துவிடும், சொன்னது தங்கும்.

நான்காவது படத்தில்தான் நீலம் தெரிந்தது. வண்டிக்கு மேல் நீலத் தார்ப்பாய் கட்டியிருப்பார். காலை வெயில் அதன் வழியாக இறங்கி அவர் கன்னத்திலும் கழுத்துச் சரிவிலும் மெல்லிய நீலமாகப் படிகிறது. தினமும் பார்த்த முகம்தான், ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூட அந்த நீலம் கண்ணில் பட்டதில்லை. தீட்டும்போது "இந்த இடம் என்ன நிறம்?" என்று கை நின்றது, பதில் இல்லை. மறுநாள் அந்த ஒரு கேள்வியோடு மட்டும் போய் நின்றேன். எனக்கு இந்தப் பயிற்சி கொடுத்ததெல்லாம் இப்படி வந்ததுதான். எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதால், இரண்டு நிமிடப் பார்வையே போதுமானதாகிவிடுகிறது.

முகத்தைவிட நிற்கும் விதத்தில்தான் ஆள் இருக்கிறார் என்று ஏழெட்டுப் படங்களுக்குப் பிறகு புரிந்தது. பெட்டியைத் தள்ளும்போது அவர் கையால் அழுத்துவதில்லை, இடுப்பிலிருந்து உடம்பே சாய்கிறது. இடது கை பெட்டிக்கு ஒரு சாண் முன்னால் துணியை நீவிக்கொண்டே போகும், திரும்பும் இடத்தில் விரல்கள் தானாக மடங்கிக்கொள்ளும். இதைப் பிடித்த படத்தில் முகம் வெறும் கறைதான். என் மகள் தூரத்திலிருந்தே "இஸ்திரி அக்கா" என்றாள்.

பழகியவர்கள்தான் கடினம், இதையும் சொல்லிவிட வேண்டும். அம்மாவை ஐந்து முறை முயன்றேன். இருபது வயது அம்மா, ஐம்பது வயது அம்மா, போன வாரத்து அம்மா எல்லோரும் சேர்ந்து வந்து நிற்கிறார்கள். ஆச்சியைத் தீட்ட உட்கார்ந்தால் கூடத்தில் மாட்டியிருக்கும் மாலை போட்ட போட்டோ மட்டுமே வருகிறது. பழைய நினைவு முழுவதையும் அந்த ஒரு படம் அழித்துவிட்டது போலிருக்கிறது. அதனால்தான் இதில் போட்டோவை நான் தொடுவதில்லை. ஒரு வருடத்துக்கு மேல் தொடர்ந்தும் அம்மா படத்தில் முன்னேற்றம் இல்லை. இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று, இதை மட்டும் செய்தால் போதாது. எதிரில் ஆளை உட்கார வைத்து வரைந்த பழக்கம் கொஞ்சமாவது இருக்க வேண்டும். நடுவில் நான்கு மாதம் நினைவிலிருந்து மட்டும் தீட்டினேன், எல்லா முகங்களுக்கும் ஒரே மூக்கு வந்துவிட்டது. இப்போது இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்கிறேன்.

ஒருவரைத் தினமும் உற்றுப் பார்ப்பது அவருக்கு உறுத்தும். மூன்றாவது வாரமே அக்காவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். "பாத்துக்கங்க டீச்சர், செல்லுல மட்டும் எடுக்காதீங்க" என்றார். நீங்களும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பதினான்காவது படத்தைப் போன மாதம் அவரிடம் காட்டினேன். தோள், கை, சாய்வு, நீலம் என்று எல்லாமே சரியாக வந்த படம். துணியில் கையைத் துடைத்துவிட்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விரலால் பெட்டியைத் தொட்டு, "மூடிக் கொக்கி முன்னால இருக்கும் டீச்சர், நீங்க பின்னால வச்சிருக்கீங்க. இப்படி இருந்தா கரி எல்லாம் துணியில கொட்டிரும்" என்றார்.

மறுநாள் பெட்டியைப் பார்க்கவே சீக்கிரம் போனேன். கொக்கி முன்னால்தான் இருந்தது. பக்கவாட்டுத் துளைகளில் கொட்டாங்கச்சிக் கரி சிவந்து தெரிந்தது. மரக் கைப்பிடியில், அவருடைய கட்டைவிரல் படும் இடம் மட்டும் தேய்ந்து குழிந்திருந்தது.