மாத்திரை எடுக்கும் மாதத்தில் ஓவுலேஷன் ஸ்ட்ரிப்பா, ஸ்கேனா?

கருமுட்டை வளரக் கொடுக்கும் குளோமிஃபீன் மாத்திரை எடுத்த மாதங்களில் நான் நம்பியது, முட்டை வளர்வதைப் பார்க்கும் ஃபாலிக்குலர் ஸ்கேனைத்தான். முட்டை வெளிவரும் (ஓவுலேஷன்) நேரத்தைக் கணிக்கும் ஸ்ட்ரிப்பையும் கூடவே வைத்திருந்தேன், துணைக்கு. ஸ்ட்ரிப் மலிவு, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஸ்கேனுக்கு அலைச்சல், செலவு, லீவு. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

என்னை ஸ்கேன் பக்கம் திருப்பியது வேறு. ஸ்ட்ரிப் முட்டையைப் பார்ப்பதில்லை. முட்டையை வெளிவரத் தூண்டும் எல்ஹெச் ஹார்மோன் சிறுநீரில் எவ்வளவு என்று மட்டும் பார்க்கிறது. மருந்து கைவைப்பதும் அதே இடத்தில்தான். குளோமிஃபீன், உடம்பில் ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிட்டது என்று மூளையை நினைக்க வைத்து, முட்டையை வளர்க்கும் எஃப்எஸ்ஹெச் ஹார்மோனையும் எல்ஹெச்சையும் கூடுதலாகச் சுரக்கச் செய்கிறது. அதனால் மாத்திரை எடுக்கும் நாட்களில் முட்டை தயாராகாமலேயே கோடு அழுத்தமாக விழலாம். கடைசி மாத்திரை முடிந்து குறைந்தது 3 நாள் கழித்து ஸ்ட்ரிப் சோதனையைத் தொடங்கச் சொல்வது இதற்காகத்தான். பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருந்தால் எல்ஹெச் ஏற்கெனவே ஏறியே இருக்கக்கூடும், குழப்பம் இரட்டிப்பு. முட்டை வெடிக்க ஹெச்சிஜி ஊசி போட்ட பிறகோ ஸ்ட்ரிப்பால் பயனே இல்லை. அந்த ஊசியையே எல்ஹெச் என்று எடுத்துக்கொண்டு பாசிட்டிவ் காட்டக்கூடும்.

ஸ்கேனில் ஃபாலிக்கிளின் (முட்டை வளரும் சிறு நீர்ப்பை) அளவு மில்லிமீட்டரில் தெரிகிறது. 18, 20 என்று வளர்ந்தால் வெடிக்கும் நேரம் நெருங்குகிறது. கர்ப்பப்பை உள்சுவரின் தடிமனும் தெரியும். குளோமிஃபீன் சிலருக்கு அதை மெலிதாக்கும். எத்தனை ஃபாலிக்கிள் வளர்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். மாத்திரையால் ஒன்றுக்கு மேல் வளர்ந்தால் இரட்டைக் கர்ப்பத்துக்கு வாய்ப்பு கூடும். ஸ்ட்ரிப்பில் அது எப்படித் தெரியும்? கோடு அழுத்தமாக விழுந்தும் முட்டை வெளிவராமல் போவதும் உண்டு. முட்டை வெளிவந்ததா என்று உறுதிசெய்ய மறுபடி ஸ்கேனோ, முட்டை வெளிவர வேண்டிய நாளிலிருந்து சுமார் 7 நாள் கழித்துப் புரோஜெஸ்டிரோன் ரத்தப் பரிசோதனையோதான் வேண்டும்.

சரி, ஸ்ட்ரிப் எதற்கு? ஸ்கேனைத் தினமும் எடுக்க முடியாது. இடைப்பட்ட நாட்களுக்கு அது கைகொடுக்கும். சோதனைக் கோடு கன்ட்ரோல் கோட்டுக்குச் சமமாகவோ அதைவிட அழுத்தமாகவோ இருந்தால்தான் பாசிட்டிவ். மங்கலான கோடு கணக்கில் சேராது, காய்ந்த பிறகு தெரிவதும் சேராது. பாசிட்டிவ் வந்தால் பெரும்பாலும் 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளிவரும்.

நான் எடுத்தது மாத்திரை மட்டும்தான். தினசரி ஹார்மோன் ஊசி போடுபவர்களுக்கு என் அனுபவம் பொருந்தாது. அங்கே டாக்டர் சொல்லும் ஸ்கேனை விடவே கூடாது. மாதாமாதம் ஸ்கேன் முடியாதவர்கள், முதல் மாதத்திலும் டோஸ் மாற்றும் மாதத்திலுமாவது எடுக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.