வாம்பயருக்குச் சீசன், ஓநாய்க்குச் சோலை

கொடைக்கானலில் நவம்பர் என்றால் எங்களுக்குக் கையைப் பிசையும் மாதம். மழை விடாது, மலைப்பாதையில் எங்காவது மண் சரியும், கீழேயிருந்து வண்டி ஏறாது. நாயுடுபுரத்தில் நான் வாடகைக்கு விடும் இரண்டு அறைகளும் பூட்டியே கிடக்கும். அப்படி ஒரு நவம்பரில்தான் தம்பி ‘வாம்பயர்: தி மாஸ்கரேட்’ ஐந்தாம் பதிப்பு விதிநூலைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தான். மூன்று வருஷமாகச் செவ்வாய்க்கிழமை ராத்திரிகளில் அதை ஆடுகிறோம். பிறகு அதன் உடன்பிறப்பான ‘வேர்வுல்ஃப்: தி அபோகலிப்ஸ்’ ஐந்தாம் பதிப்பையும் வாங்கினோம். இரண்டையும் கதைசொல்லியாக உட்கார்ந்து நடத்தியவள் நான். எதை வாங்கலாம், எது நம் மலைக்கு ஒத்துவரும் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இந்த ஆட்டத்தில் பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். “நான் பின்வாசல் வழியா உள்ள போறேன்” என்று ஒருவர் சொன்னால், அது பலிக்குமா என்பதைப் பத்துமுகப் பகடைகள் சொல்லும். இதே வகையில் பழைய ஆட்டமான ‘டஞ்சன்ஸ் & டிராகன்ஸ்’-க்கு 1983-ல் வந்த ‘ரேவன்லாஃப்ட்’ சாகசத்தில் ஸ்ட்ராட் என்ற வாம்பயர் கோட்டைக்குள் இருப்பான், நாம் போய் அவனை முடிக்க வேண்டும். 1991-ல் மார்க் ரைன்-ஹேகன் உருவாக்கி வொயிட் வுல்ஃப் வெளியிட்ட ‘மாஸ்கரேட்’ அதைத் திருப்பிப் போட்டது. இதில் ரத்தம் குடிக்கிற ஆளே நாம்தான். அடுத்த வருஷமே ஓநாய் மனிதர்களின் ஆட்டம் வந்தது. நான் பேசுவது 2018-ல் வந்த வாம்பயரையும் 2023-ல் வந்த ஓநாயையும் பற்றி.

முதலில் பெயர். ‘ரத்தக்காட்டேரி’ என்றுதான் ஆரம்பித்தோம். முதல் ராத்திரியே அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றுவிட்டார். “காட்டேரி சாமிடா. உங்க பாட்டி மூணு புள்ளைக்கும் படையல் போட்ட சாமி. அவ பேரைச் சொல்லி ஊர்ல ரத்தம் குடிக்கிற கதை பேசாதீங்க.” அம்மா சொன்னது நியாயம். அன்றிலிருந்து எங்களுக்கு அது வாம்பயர்தான். நம்முடைய காட்டேரிக்குக் கோயில் உண்டு, படையல் உண்டு, கேட்டால் இறங்கிவரும் மனசும் உண்டு. புத்தகத்தில் இருக்கும் வாம்பயர் யாரும் கும்பிடாத, எதற்கும் இறங்காத பசி. இரண்டும் வேறு வேறு என்று அம்மா சொன்ன பிறகுதான் எனக்கே பிடிபட்டது.

அந்தப் பசியை இந்தப் பதிப்பு பகடைக்குள் இறக்கியிருக்கிற விதத்துக்காகவே புத்தகத்தை வாங்கலாம். பழைய பதிப்புகளில் ரத்தம் என்பது கையிருப்பு: இத்தனை புள்ளி இருக்கிறது, இத்தனை செலவு. இதில் கையிருப்பே கிடையாது, பசி மட்டும்தான், 0 முதல் 5 வரை. பசி 3 என்றால் நீங்கள் உருட்டும் பகடைகளில் மூன்றை எடுத்துவிட்டுச் சிவப்புப் பகடை மூன்றைச் சேர்க்க வேண்டும். 6-ம் அதற்கு மேலும் விழுந்தால் வெற்றி, இரண்டு 10 சேர்ந்தால் பெருவெற்றி. ஆனால் அந்தப் பத்துகளில் ஒன்று சிவப்பாக இருந்தால், காரியம் முடியும், உள்ளே இருக்கும் மிருகம் முடித்த மாதிரி முடியும். பூட்டைத் திறக்கப் போனவள் கதவையே பிய்த்துக்கொண்டு நிற்பாள். தோற்ற வீச்சில் சிவப்புப் பகடை ஒன்றில் 1 விழுந்திருந்தால் தோல்வியிலும் மிருகத்தின் கை இருக்கும்.

எங்கள் வீட்டில் இந்த 1 ஒரு சிக்கல். தாயம் ஆடி வளர்ந்தவர்களுக்கு 1 விழுந்தால் வாய் தானாக “தாயம்!” என்று கத்தும், காய் கட்டத்துக்குள் இறங்கும் சந்தோஷம் அது. சிவப்பில் 1 விழுந்து பெரியம்மா மகன் பழக்கத்தில் “தாயம்!” என்று கத்தி, மறுநொடி முகம் செத்துப்போனதை நான் மறக்க மாட்டேன். அந்தப் பாத்திரம் அப்போது பிரையன்ட் பூங்கா வேலிக்குப் பக்கத்தில், தனக்கு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்த கிழவியிடம் பேசிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு ராத்திரியும் கண் விழிக்கவே ஒரு பகடை உருட்ட வேண்டும். 6-க்குக் கீழே விழுந்தால் பசி ஒரு படி ஏறும். சக்தியைப் பயன்படுத்தினாலும் இதே கதிதான். பசியை 0-க்குக் கொண்டுவர ஒரே வழி, ஒரு மனிதரைக் கடைசிச் சொட்டு வரை குடித்துக் கொல்வது. மூன்று வருஷத்தில் எங்கள் மேசையில் ஒருவர்கூட 0-வைத் தொடவில்லை. அதை நான் பெருமையாகவே சொல்கிறேன்.

புத்தகம் நகரத்துக்காக எழுதப்பட்டது. பழைய பதிப்புகளில் ஒரு லட்சம் மனிதருக்கு ஒரு வாம்பயர் என்று ஒரு கணக்கு உண்டு. கொடைக்கானலில் 2011 கணக்கெடுப்பின்படி 36,500 பேர்தான். அந்தக் கணக்குப்படி எங்கள் ஊர் முழு வாம்பயர் ஒன்றைக்கூடத் தாங்காது, எங்கள் மேசையிலோ நாலு பேர். மூஞ்சிக்கல்லில் கழுத்தில் காயத்தோடு ஒருவர் எழுந்தால் பத்து மணிக்குள் ஏழு ரோடு முனையில் அதுதான் பேச்சு. மனிதர்களுக்குத் தெரியாமல் வாழ வேண்டும் என்பதுதான் இந்த ஆட்டத்தின் தலையாய சட்டம். நகரத்தில் கூட்டத்தில் கரைந்துவிடலாம். இங்கே ஒரே போர்வையை இரண்டு நாள் போர்த்தினாலே “என்ன, உடம்பு சரியில்லையா?” என்று கேட்பார்கள்.

இதைக் குறையாக நினைத்துத்தான் தொடங்கினேன். ஆடஆட, எங்கள் ஆட்டத்தின் உயிரே அதில்தான் இருந்தது. ஏப்ரல், மே மாதங்களில் ஏரியைச் சுற்றி நடக்க இடம் இருக்காது. யாரும் யாருக்கும் அறிமுகமில்லை. மூன்றாம் நாள் ஊருக்குப் போய்விடுவார்கள். வாம்பயருக்கும் அதுதான் சீசன். நவம்பரில் வெளியாள் இல்லை, எல்லாம் தெரிந்த முகங்கள். அப்போது சிவப்புப் பகடை ஏறிக்கொண்டே போகும். சீசனில் சம்பாதித்ததை வைத்து மழைக்காலத்தைத் தள்ளுகிறவர்கள் நாங்கள்; வாம்பயரால் ரத்தத்தைச் சேமித்து வைக்க முடியாது. பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா, தன் பாத்திரம் பூட்டிய கடைகளைக் கடந்து நடந்த காட்சியில், “இந்தப் பசி எனக்குத் தெரியும்மா” என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பகடை உருட்டவில்லை.

தம்பி மட்டும் மனித ரத்தமே தொட மாட்டேன் என்று, விலங்குகளிடம் குடிக்கும் வகையை எடுத்தான். வாம்பயர் குலங்களில் கேங்ரெல் என்பது அவனுடையது. காட்டுமாடுகள் தேவாலயம் வரை இறங்கி வரும் ஊரில் அவனுக்குப் பஞ்சமில்லை என்று நினைத்தோம். ஆயிரம் கிலோ மாட்டின் கழுத்தில் பல் வைப்பது எப்படி என்று ஒரு முழு ராத்திரி போனது, கடைசியில் பசி இறங்கியதோ கொஞ்சம்தான். பூண்டு பற்றியும் ஒரு வார்த்தை. கல்லூரியில் படிக்கும் பையன் பூம்பாறைக்காரன். புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு அவர்கள் தோட்டத்து விளைச்சல். தன் பாத்திரத்தின் அக்கா வீட்டைப் பூண்டு கட்டிக் காப்பாற்றப் பார்த்தான். ஆனால் இந்த ஆட்டத்தில் பூண்டு ஒன்றும் செய்யாது. நெஞ்சில் ஆப்பு அடித்தால்கூடச் சாகாது, அசையாமல் கிடக்கும். வெயிலும் நெருப்பும் முடிக்கும். படத்தில் பார்த்ததை நம்பி வருபவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இனி குறை. புத்தகத்தின் அடுக்கு மோசம். ஒரே விஷயத்தின் விதி மூன்று இடங்களில் கிடக்கிறது. ஆட்டத்தின் நடுவே தேடினால் மேசை ஆறிவிடும். நான் ஒரு கணக்கு நோட்டில் தமிழில் எழுதி வைத்துக்கொண்டேன், அதுதான் இப்போது எங்கள் விதிநூல். பளபளப்பான தாள் வேறு. எங்கள் ஈரத்தில் பக்கங்கள் ஒட்டிக்கொள்கின்றன, அட்டையில் பூசணம். வெயில் அடிக்கும் நாளில் வெளியே பிரித்து வைக்கிறேன்.

ஓநாய்ப் புத்தகம் இதைவிட ஒழுங்கு. பகடை முறை அதேதான், பசிக்குப் பதில் சீற்றம். ஆனால் ஒரு வித்தியாசம். பசி ஏறஏற ஆபத்து. சீற்றம் ஏறினாலும் ஆபத்து, தீர்ந்தாலும் ஆபத்து. சீற்றப் பகடைகள் இரண்டில் 1 அல்லது 2 விழுந்தால் காரியம் ரத்தக்களறியாகிவிடும். சீற்றம் 0 ஆனால் ஓநாய் போய்விடும். உருமாற முடியாது, வெறும் மனிதராக நிற்க வேண்டும்.

பழனி மலையில் ஓநாய் கிடையாது, செந்நாய்தான். அதனால் எங்கள் மேசையில் அவர்கள் செந்நாயாக மாறுகிறார்கள். விதியில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. கூட்டமாக வேட்டையாடுவது, கூட்டத்துக்குள் படிநிலை எல்லாம் செந்நாய்க்கும் பொருந்துகிறது. நிலவின் ஐந்து நிலைகள் ஐந்து வகைப் பாத்திரங்களைத் தருகின்றன: அமாவாசைக்காரர் குறும்பும் கேள்வியும், பிறைக்காரர் ஆவிகளோடு பேசுபவர், பாதி நிலா நியாயம் சொல்பவர், முழுநிலவுக்கு முந்தையது பாடிக் கதை சொல்பவர், பௌர்ணமி போராளி. நாங்கள் ஆளுக்கொரு ஜாதகத்தை எடுத்துப் பிறந்த திதியைப் பார்த்து வகுத்துக்கொண்டோம். அக்கா பௌர்ணமி! தையல் மெஷினைத் தவிர எதையும் அதட்டாத அக்கா. பழைய பதிப்புகளில், ராத்திரி முதன்முதலில் நிலவைக் காணும்போது சீற்றம் திரும்பும் என்று ஒரு விதி உண்டு. அதை நாங்கள் விடவில்லை. சீற்றம் குறைந்தால் எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். மூடுபனி விலகி நிலா தெரிந்தால் திரும்பும், தெரியாவிட்டால் இல்லை. ஸ்வெட்டரை இழுத்துக்கொண்டு நாலு பேர் வானத்தைப் பார்த்து நிற்கும் அந்த நிமிஷத்துக்காகவே இந்த ஆட்டத்தை நடத்துவேன்.

இந்த ஆட்டத்தில் எதிரி, பூமியை அழுகவைக்கும் ஒரு சக்தி. புத்தகம் அதற்கு அமெரிக்க உதாரணங்களை அடுக்குகிறது. எங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. பாம்பார் சோலைக்கு மேலே பாதரச வெப்பமானி செய்த தொழிற்சாலை இருந்த ஊர் இது. 2001-ல் மூஞ்சிக்கல் பழைய இரும்புக்கடையில் பாதரசம் படிந்த கண்ணாடிச் சில்லுகள் மூட்டையாகக் கிடந்தது வெளியே தெரிந்து, அந்த வருஷமே மூடினார்கள். சோலையைக் காக்கும் கூட்டம் என்று எங்கள் கதையை வைத்தேன். மாமா அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அன்று கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் வேலியை உடைக்கப் போனது, பகடை கைவிட்டது, நாலு பேருக்கும் சீற்றம் 0. வெளியே நிலா இல்லை, மழை. நாலு செந்நாயும் நாலு மனிதர்களாக வேலிக்கு இந்தப் பக்கம் நின்றார்கள்.

“நாங்களும் அப்பிடித்தான் நின்னோம்” என்றார் மாமா. “கையில ஒண்ணும் இல்லாம, கேட்டுக்கு முன்னாடி. ஒரு நாள் இல்ல, வருஷக்கணக்கா.” முன்னாள் தொழிலாளர்களுக்கு உடன்பாடு வந்தது 2016-ல். பதினைந்து வருஷம். அன்று ராத்திரி கதையை அந்த இடத்திலேயே நிறுத்தினேன். அடுத்த வாரம் அவர்கள் உருமாறாமல், ஆட்களைத் திரட்டுவதிலிருந்து தொடங்கினோம்.

ஓநாய்ப் புத்தகத்திலும் குறை உண்டு. அதிலுள்ள குலங்களில் ஒன்றுகூட நம் பக்கத்து மண்ணிலிருந்து முளைத்ததாகத் தெரியவில்லை. அந்த அத்தியாயங்களைத் தாண்டிப் போய்விட்டேன்.

வாம்பயர் விதிநூல் எங்களுக்கு 4,800 ரூபாய் ஆனது, ஓநாய் அதற்குக் கொஞ்சம் குறைவு. ஒன்றுதான் முடியும் என்றால், மதுரை, கோவை, சென்னைக்காரர்கள் வாம்பயரை எடுங்கள். பகடை அமைப்பில் அதை மிஞ்ச ஆளில்லை. மலையில் இருப்பவர்கள், காடு வீட்டு வாசல் வரை இருக்கிறவர்கள் ஓநாயை எடுங்கள். தனிப்பகடைப் பெட்டிக்குப் பணம் கொடுக்க வேண்டாம். சாதாரணப் பத்துமுகப் பகடை பதினைந்து வாங்கி, ஐந்துக்குச் சிவப்பு நகப்பூச்சு அடித்தால் போதும். எங்களுடையது மூன்று வருஷமாக உரியவில்லை.

வாங்கும் முன் புரட்டிப் பார்க்க நினைக்கும் ஊர்க்காரர்கள் செவ்வாய் ராத்திரி ஏழு மணிக்கு மேல் வரலாம். ஜாதகம் இருந்தால் எடுத்து வாருங்கள், இல்லாவிட்டால் பிறந்த தேதி போதும், திதியை நான் பார்த்துச் சொல்கிறேன். மேசையில் இன்னும் ஒரு இடம் இருக்கிறது. அமாவாசைக்காரர் யாரும் இதுவரை வரவில்லை.