வேர்ல்ட்கவர் மேப்: செம்பனையும் காடும் ஒரே பச்சை

நான் வேலை பாக்குறது வேற துறை, ஆனா வீக்எண்ட்ல ஒரு சின்ன இயற்கை ஆர்வலர் குழுவோட சேர்ந்து சிங்கப்பூர், மலேசியாவோட தெற்கு ஜொகூர் ரெண்டுலயும் எங்கெங்க காடு மிச்சம் இருக்கு, ஒரு காட்டுல இருந்து இன்னொன்னுக்கு விலங்குங்க போக வழி இருக்கான்னு மேப் போட்டுட்டு இருக்கோம். அதுக்கு நாங்க அதிகமா எடுக்குறது ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தோட வேர்ல்ட்கவர், அதாவது எங்க மரம், எங்க பயிர், எங்க தண்ணின்னு சேட்டலைட் படத்த வச்சு உலகம் முழுக்க பிரிச்சு காட்டுற மேப். ரெண்டு வருஷமா கையாண்ட பிறகு எழுதுறேன்.

முதல்ல நல்லத சொல்லிடுறேன். சல்லிக்காசு வேணாம், யார் வேணா டவுன்லோட் பண்ணிக்கலாம். ஒரு பிக்சல் 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட நம்ம சிங்கப்பூர் நாலறை அடுக்குமாடி வீடு சைஸ். உலகத்தையே அந்த அளவுல 11 வகையா பிரிச்சு குடுத்திருக்காங்க. நம்ம ஊர்ல எப்பவும் மேகம் மூடியிருக்கும், வெறும் போட்டோ எடுக்குற சேட்டலைட்ட மட்டும் நம்பினா பாதி நாள் வெள்ளையாத்தான் தெரியும், இதுல சென்டினல்-2 சேட்டலைட் படத்தோட சென்டினல்-1 சேட்டலைட்டோட ரேடாரையும் சேர்த்திருக்காங்க, ரேடார் மேகத்த ஊடுருவி பாத்துடும். இன்னொரு வசதி, மேப்ப துண்டு துண்டா குடுக்குறாங்க, அதுல ஒரே டைல்ல (துண்டுல) சிங்கப்பூர், ஜொகூர், இந்தோனேசியாவோட பாத்தாம், பிந்தான் தீவுங்க, மலாக்கா வரைக்கும் வந்துடுது. பறவைக்கும் குரங்குக்கும் பாஸ்போர்ட் கிடையாதே, திட்டம் போடுறவங்களுக்கு எல்லைக்கு ரெண்டு பக்கமும் ஒரே அளவுகோல்ல ஒரே மேப் கிடைக்குறது எவ்வளவு பெரிய விஷயம்னு இதுல உக்காந்து வேலை செஞ்சாதான் புரியும்.

இப்ப பிரச்சனைக்கு வரேன். ஒரு ஞாயித்துக்கிழமை க்யூஜிஐஎஸ்ங்கிற மேப் சாஃப்ட்வேர்ல ஜொகூரோட கோத்தா திங்கி பக்கம் திறந்து வச்சிருந்தேன், ஸ்க்ரீன் முழுக்க கரும்பச்சை. எங்கப்பா காப்பியோட வந்து நின்னாரு. அவர் பொறந்து வளந்தது அந்தப் பக்கத்து தோட்டத்துலதான்.

"பாத்தீங்களாப்பா, எவ்ளோ காடு இருக்கு."

"காடா? அந்த போட்டோவ போடு பாப்போம்."

நான் கீழ இருந்த சேட்டலைட் போட்டோவ ஆன் பண்ணி பெருசாக்கினேன். அப்பா விரல ஸ்க்ரீன்ல வச்சு இழுத்தாரு. "நெரை நெரையா நிக்குது பாரு, காட்டு மரம் இப்படி வரிசையாவா நிக்கும்? இது பாமாயில் எடுக்குற செம்பனைப்பா. தாத்தா காலத்துல இதெல்லாம் ரப்பர் பால்மரம், அப்புறம் வெட்டிட்டு செம்பனை போட்டாங்க. நாங்க இருந்த லயத்து வீடுங்க இந்த ஆத்துக்கு இந்தப் பக்கம் இருந்துச்சுங்க."

நான் உடனே மேப்போட விளக்கக் குறிப்ப எடுத்து படிச்சேன். தெளிவாவே எழுதியிருக்காங்க, மரப்பரப்புங்கிற வகையில தோட்ட மரமும் சேரும், செம்பனையும் சேரும். அதாவது பயிர்னு பிங்க் கலர்ல தனியா வராம, அங்க பக்கத்துல இருக்குற பாந்தி மலைக்காட்டோட அதே பச்சையில வருது. மேப் தப்பு செய்யல, அதோட கணக்கே அப்படித்தான், நாங்கதான் படிக்காம விட்டுட்டோம். ஆனா நாங்க வழி தேடிக்கிட்டு இருந்தது ராஃபிள்ஸ் லங்கூர் குரங்குக்கு, சிங்கப்பூர்லயும் தீபகற்ப மலேசியாவோட தென்பகுதியிலயும் மட்டுமே மிச்சம் இருக்குற, அழிவோட விளிம்புல நிக்குற குரங்கு அது. மரத்துக்கு மரம் தாவிப் போயி இலையும் பழமும் தின்னு வாழுற குரங்குக்கு, இது காடுன்னு நம்பி செம்பனைக்குள்ள வழி போட்டு குடுத்தா அந்த திட்டத்தால அதுக்கு என்ன பிரயோஜனம்? அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

சிங்கப்பூருக்குள்ளயும் இதே கதைதான், ரோட்டோரம் நிக்குற தூங்குமூஞ்சி மரமும் புக்கிட் தீமா காடும் ஒரே வகை. இங்க மட்டும் வேலை செய்றவங்க 2019ல வெளிவந்த சிங்கப்பூர் நிலச் சூழல் மேப்ப பாருங்க, அதுவும் இலவசம். மனுசன் பராமரிக்கிற மரம் தனி, தானா வளர்ற காடு தனி, அலையாத்தி தனி, நன்னீர் சதுப்புக்காடு தனின்னு அழகா பிரிச்சிருக்காங்க. ஆனா அது ஜொகூர் பாலத்தோட நின்னுடும்.

இன்னொரு முக்கியமான விஷயம், சேத்துத்திட்டு. சிங்கப்பூர் சுங்கை பூலோ சதுப்பு நிலத்துல செப்டம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் வலசை வர்ற உள்ளான் பறவைங்க தண்ணி வத்துற நேரம் அந்த சேத்துலதான் இரை தேடும். வேர்ல்ட்கவர்ல அலையாத்திக்கு தனி வகை இருக்கு, அதுக்கு ரொம்ப நன்றி, ஆனா அலை ஏறி இறங்குற சேத்துக்கு வகையே இல்ல. அத நீங்களா வரைஞ்சு சேத்துக்கணும்.

2020, 2021ன்னு ரெண்டு வருஷ மேப் இருக்கேன்னு ரெண்டையும் கழிச்சு பாத்து இவ்வளவு காடு போச்சுன்னு தயவுசெஞ்சு யாரும் சொல்லிடாதீங்க. கணக்கு போடுற முறையே நடுவுல மாறிடுச்சு, வித்தியாசத்துல எது நெசமா நடந்தது, எது முறை மாறுனதால வந்ததுன்னு பிரிக்க முடியாது. உலக அளவுல மொத்த துல்லியம் 2020க்கு 74.4 சதவீதம், 2021க்கு 76.7, அதாவது நாலுல ஒண்ணு தப்பா இருக்கலாம்னு மனசுல வச்சுக்கிட்டுதான் எடுக்கணும்.

என்னோட மார்க் 5க்கு 4. ஒரு மார்க் குறைச்சது செம்பனைக்கும் சேத்துக்கும். ஆரம்பிக்க இதவிட நல்ல மேப் இந்த விலையில கிடையாது, இப்பவும் எங்க வேலை இதுலதான் தொடங்குது. ஆனா இப்ப அடுத்த வேலையா அப்பா பக்கத்துல உக்காந்து நெரை தெரியுற இடத்தையெல்லாம் காட்டுறாரு, நான் ஒவ்வொண்ணா கோடு போட்டு செம்பனைன்னு தனி வகையா மாத்துறேன். கோத்தா திங்கிக்கு தெக்கால முடிச்சாச்சு, மெர்சிங் ரோட்டுப் பக்கம் இன்னும் பாக்கி இருக்கு.