முத்திரை இருக்கு, வாய்க்கால் இல்லை

அப்பா லண்டனில் காலமானபின், யாழ்ப்பாணத்துக் காணியையும் வாரிசு வரிக் கணக்கில் காட்ட வேண்டும் என்று அங்குள்ள வழக்கறிஞரான சொலிசிட்டர், காணி உறுதியின், அதாவது உரிமைப் பத்திரத்தின், ஆங்கில மொழிபெயர்ப்பைக் கேட்டார். ஊருக்குப் போன கையோடு நீதிமன்றத்துக்குக் கிட்ட ஒரு கடையில் கொடுத்தேன். அன்று பின்னேரமே கைக்கு வந்துவிட்டது. நீதிமன்றத்தில் சத்தியம் செய்து அங்கீகாரம் பெற்ற சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் முத்திரை, கையொப்பம் எல்லாம் பளிச்சென்று இருந்தன.

வாசித்தபோது வயிறு எரிந்தது. நாலு பரப்புக் காணி நாலு ஏக்கராகியிருந்தது. 16 பரப்பு சேர்ந்தால்தானே ஒரு ஏக்கர்! பங்குக் கிணறும் வழி வாய்க்கால் உரித்தும் அடியோடு காணோம். தோட்டக் காணிக்குக் கிணற்றுப் பங்கு இல்லையென்றால் பிறகு என்ன இருக்கு? கேட்டதற்கு, "சீல் இருக்குத்தானே அண்ணை, அது காணும்" என்றார் கடைப் பெடியன்.

இங்கிலாந்தில் இந்தச் சத்தியப்பிரமாண ஏற்பாடே கிடையாது. மொழிபெயர்த்தவரே 'இது சரியானது' என்று எழுதிக் கையொப்பமிடுவார். ஆனால் சட்டப் பத்திரத்தை அதில் பழகியவரிடம்தான் கொடுப்பார்கள். ஊரில் நீதிமன்ற அங்கீகாரமே இருந்தும் இந்தக் கதி.

சித்தப்பாதான் ஓய்வுபெற்ற நீதிமன்ற முதலியார் (மொழிபெயர்ப்பாளர் பதவி) ஒருவரிடம் கூட்டிப்போனார். சாட்சிக்கூண்டுக்குப் பக்கத்தில் நின்று காலமெல்லாம் மொழிபெயர்த்த மனிதர். உறுதியை வாங்கியதும் காணி விவரம் எழுதிய அட்டவணையில் விரலை வைத்து நாலு எல்லையையும் சத்தமாக வாசித்தார். "முந்தின உறுதி எங்கை தம்பி? உதைத் தனிய வாசிச்சா விளங்காது." பிறகு அம்மா அப்பாவின் கலியாணத் திகதியைக் கேட்டார். நான் ஏன் என்று முழித்தேன். "கலியாணத்துக்குப் பிறகு காசு குடுத்து வாங்கின காணி. எங்கடை யாழ்ப்பாண வழமைச் சட்டமான தேசவழமைப்படி அது தேடியதேட்டம். பேர் கொப்பற்றைதான், ஆனா கொம்மாவுக்கும் சரிபாதி உரித்து. அதை உங்கடை சொலிசிட்டருக்குச் சொல்லுங்கோ."

லண்டனில் எவ்வளவு காசு கொட்டினாலும் இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு ஒருவர் கிடைத்திருப்பாரா? மொழிபெயர்ப்பில் பரப்பைப் பரப்பாகவே விட்டு, பக்கத்தில் பேர்ச் என்ற நில அளவுக் கணக்கும் போட்டார். கிணறு வந்தது, வாய்க்கால் வந்தது.

பார்வை குறைந்துவிட்டதால் இப்போது காலை வெளிச்சத்தில் மட்டும்தான் வேலை எடுக்கிறார். அவரிடம் பழக யாரும் வருவதில்லையா என்று கேட்டேன். "பிறப்புச் சான்றிதழிலை உழைக்கலாம் தம்பி, ஒரு உறுதிக்கு இரண்டு நாள் ஆர் மினக்கெடுவினம்?" என்றார்.