அயோவா அச்சில் எலத்தகிரி மாவு

எங்கள் பெரியவள் அமெரிக்காவில், அயோவா மாநிலத்து வடகிழக்கு மூலையில் டெக்கோரா என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் நர்ஸாக இருக்கிறாள். போன நவம்பரில் பெங்களூர் வந்த ஒருவரிடம் ஒரு டப்பா கொடுத்தனுப்பினாள். உள்ளே இரண்டு சாமான்கள். ஒன்று, அங்கே கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் பொரிக்கிற அச்சு. இன்னொன்று, ஒரு சர்ச் பெண்கள் சேர்ந்து எப்போதோ அச்சடித்த சமையல் புத்தகம்.

அச்சைக் கையில் எடுத்ததும் சிரித்துவிட்டேன். நம்ம அச்சு முறுக்கு அச்சேதான். "இதை வாங்கவா அமெரிக்கா போனாய்?" என்று போனில் கேட்டேன். "அதனால்தாம்மா வாங்கினேன், கடையில் பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது" என்றாள்.

அங்கே இதற்கு ரோசெட் என்று பெயர். 1825-லிருந்து நார்வேக்காரர்கள் கப்பலேறி அமெரிக்கா போய், பிறகு அயோவா, மினசோட்டா, விஸ்கான்சின் பக்கம் நிலம் தேடிக் குடியேறினார்கள். டெக்கோராவில் அவர்களுக்கென்றே வெஸ்டர்ஹைம் என்று ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. ஆட்களோடு பலகாரமும் போயிருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எங்கள் எலத்தகிரி பக்கம் கிறிஸ்துமஸ் வந்தால் எந்த வீட்டிலும் அச்சு முறுக்கு இல்லாமல் இருக்காது. இரண்டு ஊருக்கும் இது எப்படிப் பொதுவாயிற்று என்ற ஆராய்ச்சி எனக்கு எதற்கு? நான் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அச்சு நன்றாக வேலை செய்கிறதா என்று மட்டும் சொல்கிறேன்.

அலுமினிய வார்ப்பு. ஒரே கைப்பிடி, அதில் மாற்றி மாற்றித் திருகிக்கொள்ள இரண்டு தலைகள். ஒன்று நட்சத்திரம், ஒன்று பனித்துகள் வடிவம். கம்பி நீளம், நுனியில் மரப்பிடி, கை சுடவில்லை. இதற்கு முழு மார்க். என் மாமியார் பழையபேட்டையில் வாங்கிய இரும்பு அச்சு இதைவிட மூன்று மடங்கு கனம். ஒரு கிலோ மாவு பொரித்து முடித்தால் மணிக்கட்டு விட்டுப்போகும். இதில் அந்த வலி இல்லை.

முதல் நாள் புத்தகத்தில் இருந்தபடியே செய்தேன். இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆள் நான், அதனால் சின்னவன் படித்துச் சொன்னான். மைதா ஒரு கப், பால் ஒரு கப், முட்டை இரண்டு, சர்க்கரை ஒரு கரண்டி, உப்பு, வெண்ணிலா. எண்ணெய்ச் சூடு 375 என்று போட்டிருந்ததைக் கேட்டுப் பயந்துபோனேன். அது பாரன்ஹீட்டாம், நம்ம கணக்கில் 190 டிகிரி. ஒரு சொட்டு மாவு விட்டால் உடனே மேலே வரவேண்டும், அவ்வளவுதான். அச்சை எண்ணெயில் காயவைத்து, மேல் விளிம்பு மூழ்காமல் மாவில் தோய்த்து, திரும்ப எண்ணெயில் விடுவதெல்லாம் நாம் செய்கிற அதே மாதிரிதான். விளிம்புக்கு மேல் மாவு ஏறினால் கழன்று வராது என்று அந்த ஊர்ப் பெண்களும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

முதல் நாலைந்து ஒட்டிக்கொண்டன. புது அச்சு அப்படித்தான். அதற்கப்புறம் அழகாக விழுந்தன. காகிதம் போல மெல்லிசு. ருசி? சப்பென்று இருந்தது. மேலே பொடித்த சர்க்கரையைத் தூவித்தான் அவர்கள் சாப்பிடுகிறார்கள். மறுநாள் சாயங்காலமே நமத்துப்போயிற்று. பெரியவளிடம் சொன்னால், அங்கே நாள் கணக்காக மொறுமொறுவென்று இருக்கிறது என்கிறாள். வெளியே பனி கொட்டினாலும் வீட்டுக்குள் இரவு பகலாக ஹீட்டர் ஓடுவதால் காற்று காய்ந்து கிடக்குமாம். நமக்கோ மார்கழியில் விடிந்து எட்டு மணி வரைக்கும் மூட்டம்.

இரண்டாம் நாள் நம்ம மாவு. ஒரு கிலோ பச்சரிசியை ஊறவைத்து இடித்த மாவு, இரண்டு தேங்காயின் பால், நாலு முட்டை, 400 கிராம் சர்க்கரை, ஒரு கைப்பிடி கறுப்பு எள், ஏலக்காய். கடலை எண்ணெய். குறை இங்கேதான் தெரிந்தது. அலுமினியம் சீக்கிரம் காய்கிறது, சீக்கிரம் ஆறியும் போகிறது. ஒவ்வொரு முறையும் எண்ணெயில் வைத்துக் காத்திருக்கவேண்டும். ஆறின அச்சில் அரிசி மாவு பிடிக்காமல் வழிகிறது. இரும்பு அச்சு அப்படி இல்லை, ஒருமுறை காய்ந்தால் சூட்டை விடாது. பனித்துகள் தலை நம்ம மாவுக்கு லாயக்கே இல்லை. அதன் சந்து பொந்தெல்லாம் எள் மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றையும் குச்சியால் குத்தித் தள்ளவேண்டியதாயிற்று. நட்சத்திரம் மட்டும் பிரமாதம். பேரப் பிள்ளைகள் அதைத்தான் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள்.

பெரிய குறை திருகு. சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, பாதி மாவு முடிகிற நேரத்தில் தலை தனியாகக் கழன்று எண்ணெய்க்குள் விழுந்தது. நல்லவேளை, பிள்ளைகள் அடுப்பங்கரையில் இல்லை. பத்து பொரித்ததும் ஆறவைத்து முறுக்கிக்கொள்ளவேண்டும் என்று ஒரு வரி அச்சோடு வந்த சீட்டில் போட்டிருக்கலாம்.

அச்சைவிட எனக்குப் பிடித்துப்போனது புத்தகம்தான். பிளாஸ்டிக் சுருள் போட்டுக் கட்டியது, சமையல் மேடையில் விரித்தால் விரித்தபடி படுக்கும். ஒவ்வொரு பலகாரத்தின் கீழேயும் சொல்லிக்கொடுத்தவர் பெயர். பெயர் என்றால் அவருடையது இல்லை, 'திருமதி' போட்டுப் புருஷன் பெயர். அங்கேயுமா! சாலட் என்ற தலைப்பில் ஜெல்லிக்குள் முட்டைக்கோஸும் கேரட்டும் போட்டு உறையவைத்த ஒன்று இருக்கிறது, அதைச் செய்யச் சொல்லி யாரும் என்னைக் கேட்காதீர்கள். லெஃப்ஸ என்பது உருளைக்கிழங்கு சப்பாத்தி, அது நன்றாக வந்தது. காய்ந்த காட் மீனைச் சோடாக் காரம் (மிளகாய்க் காரம் இல்லை) கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, அலசி, வேகவைத்து, உருக்கிய வெண்ணெய் ஊற்றிச் சாப்பிடும் லூட்டஃபிஸ்க் இருக்கிறதே, சர்ச்சுக்கு அடியில் இருக்கும் கூடத்தில் ஊரே கூடி அதைத்தான் விருந்தாகச் சாப்பிடுமாம். "கருவாட்டைக் கொழகொழவென்று ஆக்கின மாதிரி இருக்கும்மா" என்றாள் பெரியவள்.

அளவு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. அவர்கள் கப் சுமார் 240 மில்லி, நம்ம டம்ளரை நம்பினால் மாவின் பதம் மாறிவிடும். சில இடங்களில் 'பதமாகும் வரை வேகவைக்கவும்' என்பதோடு சரி. பதம் தெரிந்தவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்டது.

கிறிஸ்துமஸ் பக்கங்களின் நடுவே சின்னச் சின்னக் குறிப்புகளும் உண்டு. பிள்ளைகளின் நாடகம் முடிந்ததும் ஆளுக்கொரு காகிதப் பை, அதில் ஓட்டோடு நிலக்கடலை, ஒரு ஆரஞ்சு, மிட்டாய். இன்னமும் கொடுக்கிறார்களாம். சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடும் ஊரில், சோளம் அறுத்த தட்டைகள் பனிக்கு மேலே குத்திட்டு நிற்க, அந்தப் பையோடு பிள்ளைகள் வீட்டுக்குப் போவதை நினைத்துப் பார்த்தேன். இங்கே நடுச்சாமப் பூசை முடிந்து, குடில் பார்த்துவிட்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு அவரைத் தோட்டத்து வரப்பில் நடந்து வருவோம்.

வாங்கலாமா என்றால், அச்சுக்கு மகள் கொடுத்தது இருபத்தைந்து டாலருக்குள். இங்கே பாத்திரக்கடையில் இரும்பு அச்சு 300 ரூபாய்க்கே கிடைக்கும்போது அவ்வளவு கொடுக்க வேண்டியதில்லை. மணிக்கட்டு வலி உள்ளவர்கள், மைதா மாவில் செய்கிறவர்கள் வேண்டுமானால் வாங்குங்கள். யாராவது பரிசாகக் கொடுத்தால் நட்சத்திரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாசம் அந்தப் பக்கம் போகிற ஒருவரிடம் மாமியாரின் அச்சைப் பெரியவளுக்குக் கொடுத்தனுப்புகிறேன். புத்தகத்தையும் கூடவே. கடைசியில் குறிப்பு எழுத நாலு வெற்றுப் பக்கம் விட்டிருந்தார்கள். நம்ம மாவின் அளவைத் தமிழில் எழுதி, கீழே என் பெயரைப் போட்டிருக்கிறேன். என் பெயரை மட்டும்.